கதவு திறந்தால் மட்டும் போதுமா?

'டர்போ' என்ற வார்த்தைக்கு நம் ஊரில் ஏகப்பட்ட மரியாதை. வாஷிங் மெஷினில் டர்போ, மிக்ஸியில் டர்போ, முகம் வழிக்கிற ரேஸரில்கூட டர்போ. இவை எதிலும் நிஜ டர்போ கிடையாது என்பது வேறு விஷயம். நிஜ டர்போ இருக்கிற இடம் வண்டி எஞ்சின். முன்பெல்லாம் லாரி, பஸ், டீசல் கார் என்று இருந்தது, இப்போது ஒரு லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வரைக்கும் வந்துவிட்டது. ஷோரூமில் விற்பனைப் பையன் அந்த வார்த்தையை உச்சரிக்கும்போதே விலையில் ஒரு லட்சம் ஏறிவிடுகிறது.

நான் படித்தது பி.காம். வரவு, செலவு, வட்டி, தேய்மானம் தெரியும். ஆச்சரியம் என்னவென்றால், டர்போவைப் புரிந்துகொள்ள அந்தப் படிப்பே போதுமானதாக இருக்கிறது. ஏனென்றால் டர்போ அடிப்படையில் ஒரு கருமி.

எஞ்சினில் நாம் எரிக்கிற பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சூடான புகையாக சைலன்சர் வழியே தெருவுக்குப் போய்விடுகிறது. 'காசு வீணாப் போகுதே!' என்று பதறிய ஒரு ஸ்விட்சர்லாந்து எஞ்சினீயர், ஆல்ஃபிரட் பியூச்சி, 1905-ல் இதற்கு ஒரு பேட்டன்ட் வாங்கினார். போகிற புகையின் வழியில் ஒரு சக்கரம். அதற்கு டர்பைன் என்று பெயர். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். இது கம்ப்ரஸர். புகை முதல் சக்கரத்தைச் சுற்றினால் இரண்டாவது சக்கரம் வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும். சின்ன கார் டர்போவில் இந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரைகூடச் சுற்றும்.

காற்றைத் திணிப்பானேன்? ஒரு கிலோ பெட்ரோலை ஒழுங்காக எரிக்கச் சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எஞ்சினுக்கு எப்போதும் பெட்ரோல் பஞ்சமில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம். அதிகக் காற்று உள்ளே போனால் அதிக பெட்ரோலை எரிக்கலாம், அதிக இழுவை கிடைக்கும். இப்படி சாதாரணக் காற்றழுத்தத்துக்கு மேலே கூடுதலாகத் திணிக்கப்படும் அழுத்தத்துக்குத்தான் 'பூஸ்ட்' என்று பெயர். பாலில் கலந்து குடிப்பது இல்லை.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதிகக் காற்று போனால் அதிகப் புகை வரும். அதிகப் புகை வந்தால் டர்பைன் இன்னும் வேகமாகச் சுற்றும். அது இன்னும் அதிகக் காற்றைத் திணிக்கும். அதனால் இன்னும் அதிகப் புகை. எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் கூட்டு வட்டி. வாங்குகிறவனுக்கு இனிக்கும், கட்டுகிறவன் கதை கந்தல். இங்கே கட்டுகிறவன் எஞ்சின். அளவு மீறிய அழுத்தத்தில் பெட்ரோல், பொறி மூட்டிய நெருப்பு வந்து சேரும்வரை காத்திருக்காமல் தானாகவே ஆங்காங்கே வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது மாதிரி.

அதனால் ஒரு கதவு வைத்தார்கள். டர்பைனுக்குப் போகிற வழியில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை, அதன் மேல் ஒரு மூடி, மூடியை இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். பூஸ்ட் குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் அந்த அழுத்தமே ஸ்பிரிங்கைத் தள்ளி மூடியைத் திறக்கும். மிச்சப் புகை டர்பைனைத் தொடாமல் குறுக்குவழியில் சைலன்சருக்குப் போய்விடும். இதுதான் வேஸ்ட்கேட். குக்கர் வெயிட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில் சுபம் போட்டுவிடுகின்றன. கதவு இருக்கிறது, சமயத்தில் திறக்கிறது, எல்லாரும் க்ஷேமம். ஆனால், அந்தக் கதவு எவ்வளவு அகலம்? இந்தக் கேள்வியை முதலில் நான் கேட்டது கோயம்புத்தூரில், ஒரு மெக்கானிக் வாயிலிருந்து.

என் அக்கா மகன் அங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். நாலு வருட சேமிப்போடு, அத்தான் தன் ரிட்டயர்மென்ட் பணத்தில் கொஞ்சம் போட, செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ பெட்ரோல் கார் வாங்கினான். கம்பெனி பெயர் வேண்டாம், பாவம், அவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. வாங்கி ஆறு மாதத்தில் பையனுக்கு ஆசை வந்துவிட்டது. பெங்களூரில் ஒரு கடையில் விட்டு, கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி, சைலன்சரை எடுத்துவிட்டு, மூன்று அங்குலக் குழாய் ஒன்றை நேராகப் பின்னால் வரை போட்டுக்கொண்டு வந்தான்.

"மாமா, இப்ப எஞ்சின் ஃப்ரீயா மூச்சு விடுது. சும்மா பறக்குது."

"பக்கத்து வீட்டுக்காரர் மூச்சு விடுறாராடா?"

சிரித்தான். தெரு முழுக்க அந்த வண்டியின் உறுமல் கேட்டது. சட்டப்படியும் இது தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். இருபத்தெட்டு வயதில் சட்டம் காதில் ஏறாது.

ஒரு விஷயம் மட்டும் அவனையே உறுத்தியது. டேஷ்போர்டில் அவன் ஒட்டவைத்த பூஸ்ட் மீட்டர். கம்பெனி வைத்த அளவு 0.8 பார். முன்பு முள் 0.8-க்கு வந்து அங்கேயே நிற்கும். இப்போது 3,000 சுற்றில் 0.8-க்கு வருகிறது, அதன் பிறகு நிற்காமல் மெதுவாக ஏறுகிறது. 4,500 சுற்றில் 1.0. அதற்கும் மேலே மிதித்தால் 1.2. அப்புறம் வண்டி திடீரென்று மூஞ்சியில் அறைந்தது மாதிரி இழுவையை விட்டுவிடும். அழுத்தம் எல்லை மீறியது என்று கம்ப்யூட்டரே பெட்ரோலை நிறுத்துகிறது. பெங்களூர் கடையில் போன் பண்ணிக் கேட்டதற்கு, 'முப்பதாயிரத்துக்கு எலெக்ட்ரானிக் பூஸ்ட் கன்ட்ரோலர் ஒன்று போட்டால் சரியாகிவிடும்' என்றார்கள்.

அத்தானுக்குச் செலவு பிடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் காட்டச் சொன்னார். அறுபது வயதிருக்கும் அவருக்கு. ரேஸ் வண்டிகளில் கை வைத்துப் பழகிய மனிதர். ஊருக்கு வந்திருந்த நானும் கூடப் போனேன்.

அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. முதலில் ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றினார். மூன்றாவது பிளக்கை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். வெள்ளைப் பீங்கான் பாகத்தில் மிளகுத்தூள் தூவினது போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். சில புள்ளிகள் வெள்ளிபோல மின்னின.

"இது என்னன்னு தெரியுதுங்களா சார்?"

"கரியா?"

"கரி மின்னாதுங்க. அலுமினியம். தம்பியோட பிஸ்டன். கொஞ்சம் கொஞ்சமா உருகி இங்க வந்து ஒட்டிட்டிருக்கு."

பையன் முகத்தில் ரத்தம் இறங்கிவிட்டது. அத்தான் ஒன்றும் பேசவில்லை. அந்த எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க மூன்று லட்சம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

"கன்ட்ரோலர் போட்டா சரியாயிடும்னாங்களே..." என்றான் பையன்.

"போட்டுக்கலாங்க தம்பி. அதுக்கு முன்னால ஒரு வேலை பண்ணலாம்" என்றவர், வேஸ்ட்கேட் மூடியை முழுசாகத் திறந்து, கெட்டிக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டார். இனி ஸ்பிரிங் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. கதவு திறந்தே கிடக்கும். "இப்ப ஓட்டிப் பாருங்க. 1.0 தாண்டுனா உடனே காலை எடுத்துருங்க."

நீலாம்பூர் பைபாஸில் விடியற்காலை. பையன் ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில், நான் பின்னால் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு. 3,000 சுற்றில் முள் 0.4. நியாயம்தான், கதவு திறந்திருக்கிறதே. 4,000-ல் 0.6. 5,000-ல் 0.8. 5,500-ல் 1.0. பையன் காலை எடுத்துவிட்டான்.

"பாத்தீங்களா? கதவு பூராத் தொறந்து கெடக்கு. அப்பறமும் ஏறுது. இனி எந்தப் பொட்டியை வெச்சு இதுக்கு மேல தொறப்பீங்க?"

முப்பதாயிரம் ரூபாய் அந்த ஒரு வாக்கியத்தில் மிச்சமானது. பூஸ்ட் கன்ட்ரோலர் என்கிற பெட்டி என்ன செய்கிறது? கதவுக்குப் போகிற அழுத்தத்தைக் கொஞ்சம் திருடி, கதவைத் தாமதமாகத் திறக்க வைக்கிறது. அதாவது பூஸ்ட்டை ஏற்றத்தான் அதற்குத் தெரியும். முழுசாகத் திறந்த கதவை இன்னும் திறக்க எந்தப் பெட்டியாலும் முடியாது. இப்படி சுற்று ஏற ஏறப் பூஸ்ட்டும் ஊர்ந்து ஏறுவதற்கு 'பூஸ்ட் க்ரீப்' என்று பெயர். மிதித்த கணத்தில் ஒரு துள்ளு துள்ளிவிட்டு அடங்குவது வேறு நோய், அது கதவு தாமதமாகத் திறப்பதால் வருவது. இது கதவின் அகலம் போதாமல் வருவது. வைத்தியம் வேறு வேறு.

ஆனால் ஒரு சந்தேகம். சைலன்சரைத்தானே மாற்றினான்? டர்போவைத் தொடவே இல்லையே? வேஸ்ட்கேட் அதே வேஸ்ட்கேட்தானே? நேற்று வரை போதுமாக இருந்த கதவு இன்றைக்கு எப்படிப் போதாமல் போனது?

பி.காம். கணக்காகவே போடுகிறேன். புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள்தான், பரிசோதனைச் சாலை எண்கள் இல்லை. எஞ்சின் வேகமாக ஓடும்போது 100 பங்கு புகை வருகிறது. 0.8 பூஸ்ட்டைக் காப்பாற்ற டர்பைனுக்கு 65 பங்கு போதும். மிச்சம் 35-ஐக் கதவு வெளியேற்ற வேண்டும். கதவின் அதிகபட்சக் கொள்ளளவு 40. கணக்கு டேலி.

இப்போது பின்னால் இருந்த அடைப்பை எடுத்துவிட்டோம். இரண்டு விஷயம் நடக்கிறது. ஒன்று, எஞ்சின் தாராளமாக மூச்சு விடுவதால் புகை 110 பங்காகிறது. இரண்டாவதுதான் முக்கியம். டர்பைனைச் சுற்றுவது புகையின் அளவு மட்டுமல்ல, டர்பைனுக்கு முன்னால் இருக்கிற அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கிற அழுத்தத்துக்கும் உள்ள விகிதமும்தான். சைலன்சர் அடைப்பு போனதும் பின்னழுத்தம் விழுந்துவிட்டது. அதே வேலையைச் செய்ய டர்பைனுக்கு இப்போது 55 பங்கே போதும். மீதி 55-ஐக் கதவு வெளியேற்ற வேண்டும். பின்னழுத்தம் விழுந்ததில் கதவுக்கும் கொஞ்சம் லாபம் உண்டு, 45 வரை தள்ளும் என்று வையுங்கள். அப்படியும் 10 பங்கு துண்டு விழுகிறது. அந்தப் பத்தும் டர்பைனுக்கே போகிறது. பூஸ்ட் ஏறுகிறது. ஏறினால் புகை கூடுகிறது. கூட்டு வட்டி ஆரம்பம்.

அகலம் மட்டுமல்ல, கதவு இருக்கிற இடமும் முக்கியம். வேகமாக வருகிற புகை நேராகப் போகத்தான் பார்க்கும். கதவு செங்குத்தாகப் பக்கத்தில் இருந்தால், அதில் நுழையத் திரும்ப வேண்டும். கூட்ட நேரத்து ரயில்வே ஸ்டேஷனில் பக்கவாட்டு வாசல் திறந்திருந்தாலும் ஜனம் நேர் வாசலைத்தான் முட்டிக்கொண்டு போகும் இல்லையா? அது மாதிரி. அதனால்தான் ஒரே அளவு கதவு ஒரு வண்டியில் வேலை செய்யும், இன்னொன்றில் காலை வாரும்.

இதில் தலைகீழான வேடிக்கை ஒன்றும் உண்டு. அதிக பூஸ்ட் வைக்கிற ரேஸ் வண்டிக்குத்தான் பெரிய வேஸ்ட்கேட் வேண்டும் என்று தோன்றும். அப்படி இல்லை. ஒரே டர்போ, ஒரே எஞ்சின் என்றால் குறைந்த பூஸ்ட்டுக்குத்தான் பெரிய கதவு வேண்டும். டர்பைனுக்குக் கொஞ்சமாகப் புகை கொடுக்க வேண்டுமானால் நிறையப் புகையைத் திருப்பிவிட வேண்டுமே! அதேபோல பெரிய டர்போவுக்குச் சின்னக் கதவு போதும். சீக்கிரம் விழித்துக்கொள்கிற சின்ன டர்போவுக்குத்தான் பெரிய கதவு வேண்டும். குழந்தை சின்னது, வீட்டில் கதவுகளுக்குப் பூட்டு அதிகம் என்பது போல.

கடைசியில் மெக்கானிக் இரண்டு வேலை செய்தார். முதலில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் திரும்ப மாட்டினார். "ஊர்க் காத்தைக் கெடுத்துட்டு அப்படி என்னங்க ஓட்டம்?" இதிலேயே பாதி பிரச்னை தீர்ந்தது. பிறகு டர்போவைக் கழற்றி, வேஸ்ட்கேட் ஓட்டையைக் கிரைண்டரால் சில மில்லிமீட்டர் அகலப்படுத்தி, புகை திரும்புகிற முனையை வழவழவென்று தேய்த்து, அதற்கேற்ற பெரிய மூடி போட்டார். முள் இப்போது 0.8-ல் நிற்கிறது. கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர் மற்றதைவிடக் கொஞ்சம் குறைவு. "தப்பிச்சுதுங்க. இன்னும் ரெண்டு வாரம் மிதிச்சிருந்தா பிஸ்டன் ஒடைஞ்சிருக்கும்." அத்தான் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

இது கோயம்புத்தூர்ப் பையன் கண்டுபிடித்த நோய் இல்லை. டர்போ கார் பிறந்தபோதே கூடப் பிறந்தது. 1962-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் சில வார இடைவெளியில் இரண்டு டர்போ கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர். அதில் வேஸ்ட்கேட் உண்டு. நாக்கிங் வராமலிருக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை எஞ்சினுக்குள் தெளிப்பார்கள், தனி டேங்க்கில் அதை ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தவர்கள் ஏராளம். கார் இரண்டே வருடத்தில் நின்றுபோனது.

இன்னொன்று செவர்லே கார்வேர் மான்ஸா ஸ்பைடர். இதுதான் நம் கதைக்கு வேண்டியது. இதில் வேஸ்ட்கேட்டே கிடையாது! கதவில்லாத வீடு. பிறகு பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தியது எது? சைலன்சர். ஆமாம், வேண்டுமென்றே நெருக்கமாக வைத்த சைலன்சரும் சின்ன கார்புரேட்டரும் சேர்ந்து, எஞ்சின் ஒரு அளவுக்கு மேல் மூச்சு விடாமல் பிடித்துவைத்தன. அடைப்பே அங்கே காவல்காரன். அந்த சைலன்சரை எடுத்துவிட்டு 'ஃப்ரீ ஃப்ளோ' போட்டால் அழுத்தம் எகிறிவிடும். குறை மாதிரி தெரிந்த பொருள்தான் எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

முப்பது வருடம் கழித்து ஜப்பான். 1990-களின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர் சுழல்கிற எஞ்சின், இரட்டை டர்போ, அற்புதமான வேஸ்ட்கேட் ஏற்பாடு. ரோட்டரி எஞ்சினின் புகை சாதாரண எஞ்சினுடையதைவிடச் சூடும் வேகமும் உள்ளது. கம்பெனி போட்ட குழாய்களோடு இருக்கிற வரை பூஸ்ட் பத்து பி.எஸ்.ஐ. அருகே அடக்கமாக இருக்கும். ரசிகர்கள் கன்வெர்ட்டரையும் சைலன்சரையும் மாற்றியதும் ஊர்ந்து ஏற ஆரம்பிக்கும். ரோட்டர் முனையில் இருக்கிற மெல்லிய சீலுக்கு நாக்கிங் என்றால் ஆகாது, ஒரு தடவை உடைந்தால் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். அங்கேயும் கைகண்ட வைத்தியம், கோவை மெக்கானிக் செய்த அதே வேலை. ஓட்டையை அகலப்படுத்து.

ஸ்வீடனின் சாப் கம்பெனிக்காரர்கள் ஆரம்பத்திலேயே இதை மொத்தக் கணக்காகப் பார்த்தவர்கள். 1978-ல் விற்பனைக்கு வந்த அவர்களுடைய 99 டர்போவில் வேண்டுமென்றே சின்ன டர்போ போட்டார்கள். குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கும், மேலே போனால் மிச்சப் புகையை வேஸ்ட்கேட் கொட்டிவிடும். டர்போவை ரேஸ் மைதானத்திலிருந்து ஆபீஸ் போகிற ரோட்டுக்குக் கொண்டுவந்த கார்களில் அது முக்கியமானது. டர்போ, கதவு, குழாய் மூன்றையும் ஒன்றாக அளந்து வைத்தார்கள். இன்றைக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்கிற டர்போ பெட்ரோல் காரிலும் அப்படித்தான் அளந்திருக்கிறார்கள். கதவைத் திறக்கப் பல வண்டிகளில் மின் மோட்டார்கூட வந்துவிட்டது. ஆனால் மோட்டார் வைத்தாலும் ஓட்டை அதே அகலம்தான்.

நம் பாட்டன்களுக்கு இது தெரிந்த கணக்கு. ஏரி வெட்டினால் கரையில் கலிங்கு வைப்பார்கள். ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் அதன் மேல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். கலிங்கின் நீளம் கண்ணளவில் வைத்தது இல்லை. அந்த ஏரிக்கு எத்தனை வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதைப் பார்த்து வைத்தது. வரத்து வாய்க்காலை மட்டும் அகலமாக வெட்டிவிட்டு, 'கலிங்குதான் இருக்கே!' என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தால், அடுத்த பெருமழையில் கலிங்கில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், கரையும் உடையும்.

எங்கள் தெருவில் ஒரு கல்யாண மண்டபம். முந்நூறு பேருக்குக் கட்டியது. போன வருடம் புதுப்பித்து, ஏ.சி. போட்டு, மாடியில் சாப்பாட்டுக் கூடத்தை இரட்டிப்பாக்கினார்கள். திறப்பு விழாவில் ஓனர் பெருமையாகச் சுற்றிக் காட்டினார். தீப்பிடித்தால் வெளியேற வழி இருக்கிறதா என்று கேட்டேன். "இதோ சார், எமர்ஜென்சி எக்ஸிட்!" என்று பச்சை விளக்கு போட்ட கதவைத் திறந்தே காட்டினார். அழகாகத் திறந்தது. அந்தப் பக்கம் பழைய படிக்கட்டு, இரண்டு பேர் தோள் உரசாமல் இறங்க முடியாத அகலம்.

பையில் டேப் இருந்தால் அளந்திருப்பேன்.